வண்டி நிக்கக் கூடாது: கல்குவாரி மெக்கானிக்குக்கு ஒரு கையேடு

கல்குவாரியில் எந்த வண்டியும் தானாகப் பழுதாவதில்லை, மெக்கானிக்தான் பழுதாக்குகிறார். வேலைக்குச் சேரும் அன்றைக்கே இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் மிச்சக் காலம் ஓரளவு நிம்மதியாகப் போகும். காலை ஆறு மணிக்கு ஹிட்டாச்சியின் ஹைட்ராலிக் ஓஸ் வெடித்தால், நேற்று அந்த வண்டியில் கை வைத்தது யார் என்று கேட்பார்கள். யாரும் கை வைக்கவில்லை என்றால், ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் நீங்கள்தான்.

பெரிய ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கையேடு தேவைப்படாது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்து சங்கர்நகரில் 1949-லேயே இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. அந்த அளவுள்ள ஆலை என்றால் ஒர்க்‌ஷாப், ஜாப் கார்டு, ஷிப்ட், யூனியன் என்று ஒரு முறை இருக்கும். நிர்வாகம் என்பது ஒரு கட்டடமாக இருக்கும். நான் சொல்ல வந்தது மூன்றடைப்பு, ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துப் பொட்டல் காட்டில் இரண்டு மூன்று இருபது டன் ஹிட்டாச்சி, ஒரு பிரேக்கர், ஒரு கம்பிரசர், பத்துப் பன்னிரண்டு டிப்பரோடு ஓடுகிற குவாரிகளையும், அவற்றை ஒட்டிய கிரஷர்களையும். அங்கே நிர்வாகம் என்பது ஒரு வெள்ளைப் பொலிரோ. அது மண் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும்போதே ஹெல்பர் பையன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சம்மட்டியைக் கையில் எடுத்திருப்பான். அவனிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பொலிரோவிலிருந்து இறங்குகிறவர் யார் என்பதைப் பார்த்து நீங்கள் நடந்துகொள்ள வேண்டும். முதலாளி என்றால் பயமில்லை. இன்றைக்கு எத்தனை லோடு போனது என்று கேட்பார், சொன்னால் போய்விடுவார். மேனேஜர் என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கும், ஆனால் அவரும் திட்டு வாங்கிவிட்டு வந்தவர்தான் என்பதை நினைவில் வையுங்கள். முதலாளியின் மச்சினன் இறங்கினால்தான் ஆபத்து. முந்தின ராத்திரி யாரோ ஒரு பஞ்சாப்காரர் மெயின் பம்பைப் பிரித்துச் சேர்க்கிற வீடியோவை அவர் முழுசாகப் பார்த்திருப்பார். அங்கே பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்த வேலைக்கு இங்கே ஏன் ரெண்டு நாள் என்று கேட்பார். வீடியோவை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று விளக்கப் போகாதீர்கள். "அவங்க ஊர்ல சாமான் கேட்ட அன்னைக்கே வந்துருதுல்லா அண்ணாச்சி" என்று சொல்லி, பந்தைக் கணக்குப்பிள்ளை பக்கம் தள்ளிவிடுங்கள். கணக்குப்பிள்ளை இறங்கவே மாட்டார். கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி, "போன வாரந்தான கிரீஸ் வாங்குனோம்?" என்பார். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் அடிக்கிற கிரீஸ் தேய்ந்து வெளியே வந்து விழத்தான் செய்யும், விழுந்தால்தான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம் என்பதை அவருக்குப் புரியவைத்த மெக்கானிக் இன்னும் பிறக்கவில்லை.

நாலு பேரும் நாலு விதமாகப் பேசினாலும் அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான். "ஓடும்" என்று நீங்கள் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் மெக்கானிக் சொல்லி நடந்ததாகிவிடும். ஓடினால் குவாரிக்கு லாபம். கவிழ்ந்தால் உங்கள் தலை. உங்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் பாதிதான் ஸ்பேனர் பிடிப்பதற்கு. மீதிப் பாதி இந்தப் பழியைச் சுமப்பதற்கு. நம் ஆட்கள் ஸ்பேனர் கூலிக்கு மட்டும் பேரம் பேசிவிட்டு, பழிக்கூலியைக் கேட்காமலே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார்கள்.

நோய் சொல்லும் முறை

பழுதைப் போனில் சொல்வார்கள். "வண்டி இழுக்க மாட்டேங்கு" என்பதற்கு மேல் ஒரு தகவல் வராது. ஆயில் சூடாகிறதா, ஒரு பக்கச் செயின் மட்டும் ஓடவில்லையா, பூம் தூக்கும்போது இன்ஜின் திணறுகிறதா என்று கேட்டால், "நீரு மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?" என்று திரும்பி வரும். நேரில் போய்ப் பார்த்தால் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கும். அனுபவமில்லாதவர் அதை உடனே சொல்லிவிடுவார். "ஒரு ஃபில்டருக்கா காலைல இருந்து வண்டி நிக்கி?" என்று அதற்கும் திட்டு விழும். ஆகவே முதலில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மெயின் பம்பு இருக்கிற பக்கமாக நடந்து போங்கள். மூடியைத் திறந்து, பம்பின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு பெருமூச்சு விடுங்கள். வாயைத் திறக்க வேண்டாம். மேனேஜர் முகத்தில் லட்சங்கள் ஓடுவது தெரியும். பத்து நிமிஷம் கழித்து ஃபில்டர்தான் என்று சொன்னால் உங்களுக்கு டீயோடு வடையும் வரும். ஒரே மேனேஜரிடம் இதை அடிக்கடி செய்யக் கூடாது. நிஜமாகவே பம்பு போகிற நாள் ஒன்று வரும். அன்றைக்கு உங்கள் பெருமூச்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

எத்தனை மணிக்கு ரெடியாகும் என்று கேட்டால் மணி சொல்லாதீர்கள். நாலு மணி என்றால், ரெண்டு மணிக்கே டிப்பர்கள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். "சாமான் கைக்கு வந்து மூணு மணி நேரம்" என்று சொல்லுங்கள். அந்த நிமிஷத்திலிருந்து தாமதம் கணக்குப்பிள்ளையுடையது. இந்த ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்ள எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது.

ஊதிப் போடு

எல்லாக் குவாரியிலும் இருக்கிற சர்வரோக நிவாரணி, கம்பிரசர் காற்று. ஏர் ஃபில்டர் அடைத்ததா, ஊதிப் போடு. டீசல் ஃபில்டர் அடைத்ததா, அதையும் ஊதிப் போடு. ஏர் ஃபில்டரின் வெளிக்கூட்டை உள்ளிருந்து வெளியே, மெதுவான காற்றில் ஊதலாம், அதுவும் சில தடவைதான். டீசல் ஃபில்டரின் காகிதத்தை ஊதினால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். அப்புறம் தூசி நேராக இன்ஜெக்டருக்குப் போகும். ஒரு ஃபில்டர் காசை மிச்சம் பிடித்து ஒரு செட் இன்ஜெக்டர் வாங்குகிற இந்தக் கணக்கு எந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது எளிது: ஊதச் சொன்னால் ஊதுங்கள், ஆனால் மேனேஜரை ஃபில்டருக்கு நேர் எதிரே நிற்க வைத்துவிட்டு ஊதுங்கள். வெள்ளைச் சட்டையில் படிந்ததைப் பார்த்த பிறகு புது ஃபில்டருக்கு உத்தரவு கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹிட்டாச்சி இன்ஜினுக்கு ஒன்றுக்கு உள்ளே ஒன்றாக ரெண்டு ஏர் ஃபில்டர். அதே புழுதியை அதே கிரஷர் பக்கத்தில் நின்று நாள் பூராவும் இழுக்கிற உங்களுக்கு ஒரு தலைத்துண்டு. கல்லை உடைக்கும்போது எழுகிற சிலிக்கா தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப எடுக்க வழி கிடையாது. அடுத்த தடவை ஃபில்டருக்கு லிஸ்ட் எழுதும்போது, நல்ல மாஸ்க் ஒரு டஜன் என்றும் அதே தாளில் எழுதிவிடுங்கள். வண்டிப் பெயருக்குக் கீழே எழுதினால் பாஸாகும். மனுஷன் பெயருக்குக் கீழே எழுதினால் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று வரும்.

வண்டி ஓடிய மணியைக் காட்டுகிற ஹவர் மீட்டர் விஷயத்தில் நிர்வாகத்தின் தத்துவம் இன்னும் ஆழமானது. இன்ஜின் ஆயிலை வண்டியைப் பொறுத்து 250 மணிக்கோ 500 மணிக்கோ மாற்ற வேண்டும் என்று கம்பெனிப் புத்தகம் சொல்கிறது. மணி ஏறினால்தானே சர்வீஸ்? மீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டால் மணி ஏறாது. மணி ஏறாவிட்டால் ஆயில் பழசாகாது. ராத்திரியும் பகலுமாக ஓடிய வண்டி, மீட்டர் கணக்கில் நேற்றுப் பிறந்த குழந்தை. வாடகை வண்டியாக இருந்தால் இதே மீட்டர் மாயமாக வேகமெடுக்கும் என்பதையும் பார்க்கலாம். நீங்கள் உங்கள் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டி, எந்தத் தேதி, என்ன மாற்றினீர்கள், எதை மாற்றச் சொன்னீர்கள், யார் வேண்டாம் என்றார்கள். நிர்வாகத்துக்கு உலகத்தில் பிடிக்காத பொருள் அந்த நோட்டுதான். பிடிக்காது என்பதாலேயே அதைக் காலி டிரம் மேல், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வையுங்கள்.

கையை வைக்காத கலை

இதுவரை சொன்னதைச் சிரித்துக்கொண்டே படிக்கலாம். இனி வருவதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

பூம் ஓஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருக்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓஸுக்குள் பிரஷர் 350 பார் வரை போகும். கார் டயருக்குக் காற்றடிக்கிற அளவைப் போல 150 மடங்கு. வெளியே பீய்ச்சுகிற ஆயில், ஆயில் மாதிரியே தெரியாது. லேசான புகை மாதிரி, வெயிலில் பார்த்தால் அதுகூடத் தெரியாது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கை தானாக அங்கே போகும். நம் எல்லோருடைய கையும் போகும். "வண்டிய ஆஃப் பண்ணாம பாரும்வே, லோடு நிக்கி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டால் இன்னும் வேகமாகப் போகும். அந்த ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். முதலில் பெரிய வலி இருக்காது. துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தோன்றும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, நிறம் மாறும். அதற்குள் அறுத்துச் சுத்தம் செய்யாவிட்டால் விரலோ கையோ போகும்.

செய்ய வேண்டியது: இன்ஜினை நிறுத்து, பூமையும் பக்கெட்டையும் தரையில் இறக்கி வை, லீவரை நாலு பக்கமும் ஆட்டி மிச்ச பிரஷரை விடு, டேங்க் மூடியில் காற்றை விடு, சாவியை எடுத்து உன் பையில் போடு. கசிவைத் தேட வேண்டுமானால் அட்டைத் துண்டை நீட்டிப் பார், விரலை நீட்டாதே. மீறி நடந்துவிட்டால், நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், "சின்னக் காயம்" என்று சொல்லாமல், "ஹைட்ராலிக் ஆயில் பிரஷரோட உள்ள போயிருக்கு" என்று அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். கூட வருகிற சூப்பர்வைசர் "ஒண்ணுமில்ல டாக்டர், கம்பி குத்திட்டு" என்று முந்திக்கொள்வார். அவரை மருந்து வாங்க அனுப்பிவிடுங்கள்.

சாவியை ஏன் பையில் போடச் சொன்னேன் என்றால், நீங்கள் வண்டிக்கு அடியில் இருக்கும்போது அதை ஸ்டார்ட் செய்கிறவர் எப்போதும் நல்லவராகத்தான் இருப்பார். உதவி செய்ய நினைத்திருப்பார்.

அடுத்தது குழி. டிப்பர் பஞ்சரானால் உருட்டிக்கொண்டாவது மேலே வரலாம். நின்றுபோன ஹிட்டாச்சி ஏறி வராது, மெக்கானிக்தான் இறங்க வேண்டும். முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் 2022 மே 14 நள்ளிரவில் பாறை சரிந்தபோது, சுமார் 300 அடிப் பள்ளத்தில் ஹிட்டாச்சி ஆபரேட்டர்களும் லாரிக்காரர்களுமாக ஆறு பேர் சிக்கினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். மீட்க இறங்கியவர்கள் மேலேயும் பாறை சரிந்துகொண்டே இருந்ததால், கடைசி ஆளை வெளியே எடுக்க ஒரு வாரம் ஆனது. படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும், படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. படி வெட்டினால் அந்த அகலத்துக்குக் கல் போய்விடுமே என்பது குவாரிக்காரர் கணக்கு. ஆகவே நெட்டுக்குத்தாக வெட்டுகிறார்கள், ராத்திரியில் வெட்டுகிறார்கள், கேரளத்து லோடு விடியுமுன் போக வேண்டும் என்று வெட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் கையேடு எழுதுகிறவனிடம் தந்திரம் எதுவும் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, சுவரை ஒட்டி நிற்கிற வண்டிக்கு அடியில் படுக்கச் சொன்னால், போகாதீர்கள். விடியட்டும், சுவரை விட்டு இழுத்துப் போடட்டும். அடுத்த நாள் வேலை இருக்குமா என்பது வேறு கேள்வி; இல்லாமலும் போகலாம்.

எழுத்தில் கேள்

நிர்வாகம் கடுமையான உத்தரவை எப்போதும் வாயால் போடும், இனிமையானதை மட்டும் எழுதும். பொங்கல் வாழ்த்து வாட்ஸப்பில் வரும். "பிரேக்கு சரியில்லன்னாலும் இன்னைக்கு ஓட்டு" என்பது போன் காலில் வரும். நீங்கள் போனை வைத்ததும் ஒரு மெசேஜ் தட்டுங்கள்: "சார், 3-ம் நம்பர் டிப்பர் பின் பிரேக் வேலை செய்யலை. நீங்க சொன்னபடி இன்று ஓட்ட விடுகிறோம். சரிதானே?" ரெண்டு நீல டிக் விழும். பதில் வராது. கொஞ்ச நேரத்தில் பொலிரோ வரும்.

"என்னவே, பக்கத்துல இருந்துக்கிட்டு லெட்டர் எழுதுதீரு?"

"மறந்துரும்லா சார், அதான்."

"நமக்குள்ள என்ன எழுத்து?"

"நமக்குள்ள ஒண்ணுமில்ல சார். நாளைக்கு யாரும் கேட்டா சொல்லணும்லா."

"யாரு கேக்கப்போறா?"

இதற்குப் பதில் சொல்லாமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருங்கள். டிப்பர் அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கும். பத்துத் தடவையில் எட்டுத் தடவை நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ரெண்டுக்கு நோட்டு இருக்கிறது.

ஓவர்டைம் கேட்கப் போகிறவர்கள் ஒரு தயாரிப்போடு போக வேண்டும். முதலாளி உங்களைத் தோளில் தட்டி, "நீ நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிலா" என்பார். உடனே உஷாராகிவிடுங்கள். வீட்டுப் பிள்ளைக்கு ஓவர்டைம் கிடையாது. தீபாவளிக்குச் சட்டையும், இருட்டுக்கடை அல்வா அரைக் கிலோவும் கிடைக்கும். வெடி வைத்து உடைக்கிற கல்குவாரியும் சட்டத்தின் கண்ணில் சுரங்கம்தான். 1952-ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டம் மேலே வேலை பார்க்கிறவருக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம் என்றது. தொழிலாளர் சட்டங்களைத் திரட்டிப் புதுத் தொகுப்புகள் ஆக்கிய பிறகும் அந்த இரட்டைச் சம்பளம் போகவில்லை. இதை மனப்பாடம் செய்து முதலாளி முன்னால் ஒப்பித்தால், "பேட்டா கூட்டித் தாறேன்" என்பார். கூட்டித் தருவார். அடுத்த மாதம் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

தனியாகக் கேட்டால் இப்படித்தான். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நிற்க, பிப்ரவரி 27-ஆம் தேதி வேலையை நிறுத்தினார்கள். ஒன்பது நாளில் வெள்ளைக்காரக் கம்பெனி இறங்கி வந்து கூலியைக் கூட்டியது, ஞாயிற்றுக்கிழமை லீவும் கொடுத்தது. அது ஒரே வாசல் வழியாக உள்ளே போய் வெளியே வருகிற மில். குவாரியில் மெக்கானிக் ஒருத்தர், இல்லாவிட்டால் ரெண்டு பேர். ஆபரேட்டர் ஒரு காண்டிராக்டின் ஆள், டிரைவர் இன்னொருத்தரின் ஆள், கிரஷரில் நிற்கிறவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். கூட்டம் கூட்டுவது என்றால் டீக்கடைதான். அதோடு, கூட்டமாகப் போய்க் கூலி கேட்பது என்றாலே இந்த ஊர்ப் பெரியவர்கள் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலம் 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும் டீக்கடையில் ஆபரேட்டரோடு நீங்கள் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம்: நீ பழுதுள்ள வண்டியில் ஏறாதே, நான் அதை நல்ல வண்டி என்று சொல்ல மாட்டேன். சங்கத்துக்கு இது ஈடாகாது. ஆனால் ஏறுகிறவரும் சரி என்கிறவரும் இல்லாமல் எந்த மேனேஜராலும் வண்டியை ஓட்ட முடியாது. மச்சினனாலும் முடியாது, அவர் வீடியோ மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழையில் மூழ்கிய வண்டியைப் பற்றி நிர்வாகத்துக்கு வருகிற முதல் யோசனை, "ஒரு செல்ஃப் அடிச்சுப் பாப்போம்". சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, டேங்கில் பால் மாதிரி வெளுத்திருக்கிற ஆயிலை இறக்கி, அப்புறம்தான். செல்ஃப் அடித்தே தீர வேண்டும் என்றால் சாவியை மேனேஜரிடமே பணிவாகக் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நோட்டை எடுத்து நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வேலையை விடும் முறை. திடீரென்று விடாதீர்கள், சம்பளப் பாக்கி மாட்டிக்கொள்ளும். டூல்ஸ் பெட்டியில் உங்கள் காசில் வாங்கிய ஸ்பேனர்களைத் தினம் ரெண்டு ரெண்டாக வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அட்வான்ஸ் தீர்ந்த மாதமாகப் பாருங்கள். "பாளையங்கோட்டைல ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் போடலாம்னு இருக்கேன் மொதலாளி, நீங்கதான் வந்து குத்துவிளக்கு ஏத்தணும்" என்று சொன்னால் சண்டையில்லாமல் முடியும். அவர் வர மாட்டார். ஆனால் கொஞ்ச நாளில் மேனேஜர் போன் செய்வார், இந்தத் தடவை மரியாதையோடு.

"அண்ணாச்சி, பெரிய வண்டி நிக்கி. வந்த பையனுக்கு ஒண்ணும் தெரியல. கொஞ்சம் வந்து பாக்கணும்."

"வாரேன் சார். விசிட் சார்ஜ் தனி, சாமான் காசு முன்னாடி."

"அதெல்லாம் தந்துருவோம். நீங்க வாங்க."

"வண்டி குழிக்குள்ள நிக்கா, மேல நிக்கா?"

"குழிக்குள்ளதான்."

"இன்னொரு வண்டிய விட்டு இழுத்து மேல கொண்டாந்துட்டு மெசேஜ் போடுங்க சார். போன் வேண்டாம், மெசேஜ்."